தையில் நிற்கலாம் என்றார் டாக்டர்

புவனா என் தம்பி தம்பிதுரையின் மனைவி. தொண்டாமுத்தூரில் அவர்கள் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒட்டியே இருக்கின்றன. மலையிலிருந்து யானை இறங்கி வாழைக்குள் புகுந்தால் என் தம்பி வனத்துறைக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பான். அதற்குள் அவள் டார்ச்சும் பட்டாசுமாக வரப்பில் நிற்பாள். தக்காளிக்கு அடிமாட்டு விலை கேட்கும் வியாபாரி அவளைக் கண்டால் தலையைச் சொறிவான். அப்பேர்ப்பட்டவளை ஒரு டாக்டர் வாயில்லாப் பூச்சியாக்கி உட்கார வைத்தார்.

மார்பில் கட்டி. புற்றுநோய் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். ஆபரேஷன் ஆயிற்று, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது எலும்பில் மறுபடி தலைகாட்டியது. ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் அந்த டாக்டரின் கிளினிக்குக்கு நானும் கூடப் போவேன். அந்த மனுஷர் ஒரு நாளாவது அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே! ஸ்கேனைப் பார்ப்பார், என் தம்பியைப் பார்ப்பார், பாதி இங்கிலீஷில் பேசுவார். பிறகு, "பேஷண்ட் கொஞ்சம் வெளிய உட்காரட்டும்" என்பார். நோவு யாருக்கு? வெளியே உட்கார்ந்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு! எங்கள் பக்கத்து மரியாதையும் அவருக்கு வசதியாகப் போயிற்று. டாக்டரை மறித்துக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற சனம் நாங்கள். அவர் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று எழுந்து வந்துவிடுவோம்.

புவனா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவள் தம்பி சரவணனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூறைச்சேலையோடு அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். அது ஆகாமல் தாலி கட்ட முடியாது. சரவணனுக்குக் கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவளும் இவள்தான்.

"ஏனுங்க டாக்டர், தம்பி கல்யாணத்துல நான் இணைச்சீருக்கு நிக்கோணுமுங்க. தை மாசம்னா நிப்பனுங்களா?" என்று கேட்டாள்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜம்முனு நிக்கலாம்மா" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு என் தம்பியிடம் அவர் சொன்னது வேறு என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. எந்த மருந்தும் இனிக் கேட்காது, தீபாவளி தாண்டுவதே கஷ்டம், பேஷண்டுக்குச் சொல்லிவிடாதீர்கள், மனசு உடைந்துவிடும். அதையும் இவன் "சரிங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தான். யானைக்கு முன்னால் போய் நிற்கிறவளுக்கு மனசு உடைந்துவிடுமாம்!

சத்தியமங்கலத்துப் பெண் வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். அவர்கள் கேட்டது ஆவணி. புவனாதான் சிரித்துக்கொண்டே மறித்தாள். "தைக்கு வெச்சுக்கலாமுங்க. அதுக்குள்ள எனக்கு முடியும் கொஞ்சம் வளந்துரும், உடம்பும் தேறிரும். டாக்டரே சொல்லிப்போட்டாருங்க." அவளுக்காகத்தானே என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். என் தம்பி காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தான். வாயே திறக்கவில்லை.

அந்த ஆவணியில் அவள் தக்காளி பறித்தாள். ஐப்பசி பிறந்தபோது கட்டிலிலிருந்து எழ ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் இன்னமும் போட்டுக்கொண்டிருந்த ஊசிக்குப் போய் வந்தால் வாந்தி நிற்பதில்லை. தம்பியை மோட்டார் ரூமில் மடக்கிக் கேட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே விட்டுவிட்டு, காரை வரவழைத்து புவனாவை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

"வீட்டுக்காரர் வரலியா? அவரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார் டாக்டர்.

"கட்டி இவ மாருல வந்துதுங்களா, இவ ஊட்டுக்காரன் மாருல வந்துதுங்களா?" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புவனா என் கையை அழுத்தினாள். "அக்கா, இருங்க. ஏனுங்க டாக்டர், நான் தையில இருப்பனுங்களா?"

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "கஷ்டம்மா" என்றார்.

"அப்ப இந்த ஊசி எதுக்குங்க?"

"ஒரு நம்பிக்கைக்குத்தான்..."

"அது எனக்கு வேண்டாமுங்க. வலிக்கு மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன்.

அந்த வாரமே அவளே போன் போட்டு, பெண் வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, கல்யாணத்தைக் கார்த்திகை முதல் முகூர்த்தத்துக்கு மாற்றினாள். நல்ல மனுஷர்கள், மறுபேச்சுப் பேசவில்லை. மண்டபத்தில் அவளை நாற்காலியோடு தூக்கிப்போய் மணமேடையில் வைத்தோம். நிற்க முடியவில்லை. கூறைச்சேலையின் கனம்கூட அவள் கைக்குத் தாங்கவில்லை, நான் கீழே கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். சரவணன் அவள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதான். ஆவணியில் வைத்திருந்தால் இவள் கம்பீரமாக நின்றிருப்பாளே என்று என் வயிறு எரிந்தது.

சீர் முடிந்து அவளை மாப்பிள்ளை அறைக்குத் தூக்கி வந்தோம். என் தம்பி பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான். "உன்ற நல்லதுக்குன்னுதான் சொல்லாம இருந்தேன் புவனா. டாக்டரும் அதத்தான் சொன்னாரு" என்றான்.

அவள் கோபப்படவில்லை. "டாக்டர் ஊரான் ஊட்டு ஆளுங்க. அத்தன பேருக்கு முன்னால நான் சிரிச்சுட்டுத் தைன்னு சொன்னேனே, அப்பக்கூட உங்களுக்கு வாய் வரலீங்களா?" என்று கேட்டாள்.

பந்திக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் வெளியே போய்விட்டான். மார்கழி பிறக்கும் முன்பே அவள் போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு அவன் என்ன பதில் சொல்வான் என்று கடைசி வரைக்கும் அவன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.