அம்மா பார்த்த ஜெர்மன் படம்

சிறுசேரி அலுவலகத்தில் எங்கள் குழுவுக்கு ஜெர்மன் வாடிக்கையாளர் கிடைத்த வருடம், வேலை முடிந்த கையோடு எல்லோரையும் ஜெர்மன் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பசியில் கண் இருட்ட, ஜெர்மன் இலக்கணத்தில் மேசை ஆண்பாலா பெண்பாலா என்று அடித்துக்கொண்டோம். காதுக்குப் பழகட்டும் என்று வகுப்பெடுத்த அம்மையார் ஒரு படத்தின் டிவிடியைக் கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் செங்குத்துப் பாறை ஒன்றில் ஏறப்போய்ச் செத்துப்போன வாலிபர்களின் கதை. நடந்த கதைதான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படூர் வீட்டில் அதைப் போட்டேன். மீன்குழம்புச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்குடி ஏறுறானுங்க? மேல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லம்மா. பனிதான்."

"வேல வெட்டி இல்லாதவனுங்க."

திட்டினாலும் எழுந்து போகவில்லை. என் அரைகுறை ஜெர்மனை வைத்து வசனங்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். புரியாத இடத்தில் சொந்தமாகச் சேர்த்துவிட்டேன். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம்.

ஒவ்வொருவராகச் செத்து, கடைசியில் ஒருவன் மட்டும் கயிற்றில் தொங்கினான். காப்பாற்ற வந்தவர்கள் அவன் காலுக்குக் கீழேயே நிற்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த கயிறு எட்டவில்லை. இரண்டு கயிற்றைச் சேர்த்து முடிந்து, அவன் கீழே விட்ட நூலில் கட்டி மேலே அனுப்பினார்கள்; அதில் அவன் இறங்கத் தொடங்கினான். அதுவரை தொணதொணத்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"போவாது" என்றாள்.

"எதும்மா?"

"அந்த முடிச்சு. அவன் இடுப்பு வளையத்துல போவாது. மாட்டிக்கும் பாரு."

அப்படியே மாட்டிக்கொண்டது. உறைந்துபோன விரல்களால் அவன் முடிச்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். ரிமோட்டை எடுக்கப் போனேன்.

"வுடு" என்றாள் அம்மா.

அப்பா செத்தபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில், சொந்த நிலம் இல்லாதவர்களுக்குக் கோடையில் கிடைத்தது கிணறு தூர்வாரும் வேலை. கிணற்றில் விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் எனக்குச் சொன்னார்கள். அம்மா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். எடுத்தால் அழுவாளே என்று நானும் கேட்டதில்லை.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இப்போது அவளே சொன்னாள். கிணற்றின் உள்சுவர் சரிந்து கல் அப்பாவின் தொடையில் விழுந்திருக்கிறது. கயிறு அடிவரை எட்டவில்லை. அம்மா வீட்டுக்கு ஓடி, பசுமாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே இரண்டையும் சேர்த்து முடிந்திருக்கிறாள்.

"அவுந்துடக் கூடாதேன்னு முடிச்சு மேல முடிச்சா போட்டேன்டி."

அப்பா இடுப்பில் கட்டிக்கொண்டார். மேலே இழுத்தார்கள். பாதிக் கிணறு ஏறியதும் அந்த முடிச்சு ராட்டினத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காட்டிலிருந்து வேறு கயிறு வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

"தொங்கிக்கினே என் பேர் சொல்லிக் கூப்ட்டாரு. அப்புறம் கூப்டல."

இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டா எனக்குச் சோறு கட்டிக் கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பினாள்? திரையைப் பார்த்தேன். அந்த வாலிபனின் தலை தொங்கிவிட்டது.

"முடிச்சு போட்டவன் அங்கதான நிக்கறான்? அவன யாராச்சும் எதனா சொல்றாங்களா?"

"சொல்றாங்கம்மா. உன் மேல தப்பு இல்லன்றாங்க."

படத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது.

"நெஜமாவா சொல்றாங்க?" அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்த்ததே இல்லை. "அந்த எடத்த இன்னொரு தபா போடு."

வசமாக மாட்டிக்கொண்டேன். பின்னால் ஓட்டிப் போட்டேன். கீழே நின்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று மட்டும் இரைந்தது. அதன் மேலேயே என் வசனத்தை அவசரமாக மறுபடி சொன்னேன்.

அம்மா அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் வாயே தொறக்கலையேடி" என்றாள்.

அன்றைக்குக் கிணற்றடியில் கூடியிருந்தவர்களும் அப்படித்தான் நின்றார்களாம்.