தூரமோ என்று கேட்கத் தெரியாத பெட்டி

அவுஸ்திரேலியாவில், வென்ட்வேர்த்வில் என்ற புறநகரில் ஒரு வீட்டின் முகப்பை முழுதாக மறைத்துக்கொண்டு ஒரு மோட்டார்ஹோம் நிற்கும். உள்ளே கட்டில், குசினி, குளியலறை எல்லாம் வைத்துக் கட்டிய வாகனம். கோயிலடியில் அதற்கு ‘அரியத்தாரின்ரை பஸ்’ என்று பெயர். அரியரத்தினத்துக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பஸ் என்று சொன்னால், நின்ற இடத்திலிருந்து அது எப்போதாவது புறப்படும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடுகிறது.

அரியரத்தினம் செவன் ஹில்ஸில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் அளந்து சரி என்று முத்திரை குத்துவது வேலை. அந்தப் பெட்டிகளுக்குள் என்ன போகிறது, அவை எந்த ஊருக்குப் போகின்றன என்று அவருக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ, ஓய்வு கிடைத்ததும் தானே ஒரு பெரிய பெட்டிக்குள் ஏறி ஊர்சுற்றுவது என்று முடிவு செய்தார். மனைவி யோகாவும் சம்மதித்தார். இருவருமாக அவுஸ்திரேலியாவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதாகத் திட்டம். திட்டம் போட்டதில் பிழையில்லை. அதைக் கோயிலில் சொன்னதுதான் பிழை.

சொன்னதோடு நிற்காமல் வாகனத்தைக் கோயிலுக்கே கொண்டுபோய்ப் பூசையும் செய்வித்தார். சில்லுகளுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்து, தீபம் காட்டி, படம் பிடித்து, எல்லாரும் கைதட்டினார்கள். வாகனம் அங்கிருந்து வீடு திரும்பியது. அதன் உலகப் பயணம் அத்துடன் நின்றது.

ஏனென்றால் அந்த மாதமே மெல்பேர்ணில் மகள் நிரூபாவுக்குக் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் இருந்து பத்தியச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவதாக யோகா விமானமேறினார். குழந்தை தவழ்ந்தது, நடந்தது. நிரூபா வேலைக்குத் திரும்பினாள். பிறகு இன்னொரு குழந்தை. ஒவ்வொரு தடவையும் அரியரத்தினம் தொலைபேசியில் “எப்ப வாறீர்?” என்று கேட்பார். “பெரியவள் பள்ளிக்கூடம் தொடங்கட்டும்” என்பார் யோகா. கோபதாபம் எதுவுமில்லை. கோபம் என்றால் யாராவது நடுவிலே நின்று சமாதானம் பேசலாம். இது அப்படியல்ல. மூன்று மாதம் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

கோயிலில் ஆட்கள் விடுவார்களா?

“என்ன அண்ணை, எப்ப வெளிக்கிடுறியள்?” என்று குகானந்தம் வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்பார். தேர்த் திருவிழாவுக்கு ஆள் சேர்ப்பவர். ஊரிலுள்ள செய்தியெல்லாம் அவர் வழியாகத்தான் ஓடும். அவரிடம் போய், மனுசி வரவில்லை என்று எந்த ஆண்மகன் சொல்வான்? அரியரத்தினம் ஒரு மறுமொழி கண்டுபிடித்தார்.

“வெளிக்கிடலாம், தம்பி. ஜீ.பி.எஸ். ஒண்டுதான் அமையேல்லை.”

என்ன அற்புதமான சொல் அது. நாற்பதை நெருங்கும் பிள்ளைகளுக்கு வரன் தேடிக் களைத்த சமூகத்தில், ‘அமையேல்லை’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். குகானந்தம் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

சொன்ன பொய்யை மெய்யாக்குவது நேர்மையான மனிதனின் கடமை. அரியரத்தினம் உண்மையாகவே ஜீ.பி.எஸ். தேடத் தொடங்கினார். மோட்டார்ஹோமுக்கென்று தனிக் கருவிகள் இருக்கின்றன. வாகனத்தின் உயரம், நீளம், எடை, காஸ் சிலிண்டர் உண்டா என்பது வரை கேட்டறிந்து, தாழ்வான பாலங்கள் தட்டாத பாதையாகப் பார்த்துச் சொல்லும். சம்பந்தம் பேச வருகிறவர்களும் இவ்வளவுதானே கேட்கிறார்கள்.

“அப்பா, ஜஸ்ட் யூஸ் யுவர் ஃபோன்” என்றாள் நிரூபா.

“ஃபோனுக்கு என்ரை உயரம் தெரியாது, பிள்ளை.”

“உங்கடை உயரமோ?”

“வாகனத்தின்ரை.”

“ஓகே, அப்பா. மீட்டிங் ஒண்டு இருக்கு. அம்மாட்டைக் குடுக்கவோ?” அம்மா சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

வியாழன்தோறும் அரியரத்தினம் முகாம்சாமான் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போவார். அங்கே கருவிகள் பகுதியைப் பார்ப்பவர் பிரதீப்குமார், கோயம்புத்தூர்க்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். அரியரத்தினத்துக்குக் குறை சொல்ல ஒரு ஆள், பிரதீப்குமாருக்குத் தமிழ் பேச ஒரு ஆள் என்று இரண்டு பேருக்குமே அது ஒத்துப்போயிற்று. ஒரு கருவியின் திரை சின்னது. இன்னொன்றின் பெண்குரல், கடன் மறுக்கிற வங்கிக்காரி குரல் போலிருந்தது. மற்றொன்றின் ஒட்டுப்பிடி கண்ணாடியில் நிற்காது போல் தோன்றியது. ஆனால் உண்மையான குறை வேறு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“வாங்க சார். புது மாடல் வந்திருக்கு” என்றார் பிரதீப்குமார் அந்த வியாழனன்று.

“போன கிழமை காட்டினது என்னமாதிரி? வித்திட்டுதோ?”

“நீங்க வேண்டாம்னதை அடுத்தவங்க வாங்கிட்டுப் போறாங்க சார். வியாபாரத்துக்கு நீங்க ராசியான ஆளு.”

பிரதீப்குமார் கருவியை இயக்கினார். திரையில் பளிச்சென்று “வேர் டு?” என்று எழுத்து வந்தது. எங்கே போகிறாய் என்று கேட்கிறது. அரியரத்தினம் கையை இழுத்துக்கொண்டார்.

“இதுவும் கேக்குது.”

“எதைச் சார்?”

“எங்கை எண்டு.”

பிரதீப்குமார் அவர் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். “சார், இத்தனை மாசமா இதுக்காகவா? திரை சின்னதுன்னீங்க, குரல் சரியில்லைன்னீங்க.”

“அதுகளும் குறைதான்” என்றார் அரியரத்தினம் கண்டிப்பாக.

விஷயம் இதுதான். வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். கேட்டுவிட்டார்கள் என்றால் திரும்பி உள்ளே வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அறிந்தே ஆகவேண்டுமென்றால் ‘தூரமோ?’ என்று கேட்கலாம். யோகா இதில் வலு கண்டிப்பு. ஒருமுறை விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி வேலிக்கு மேலால் எட்டி, எங்கே பயணம் என்று அன்பாகக் கேட்டுவிட்டார். யோகா பெட்டிகளோடு முழுக் குடும்பத்தையும் உள்ளே திருப்பினார். கதிரைகளில் வரிசையாக இருத்தித் தண்ணீர் கொடுத்தார். விமானம் கிட்டத்தட்டத் தவறிப்போனது. தவறாததற்குக் காரணமும் அந்தத் தண்ணீர்தான் என்று யோகா இன்றைக்கும் சொல்வார்.

“எங்கம்மாவும் இப்படித்தான் சார்” என்றார் பிரதீப்குமார். “எங்க போறேன்னு கேட்டா போதும், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்துருவாங்க.”

“பாத்தீரே. உம்மடை ஊரிலையும் தெரிஞ்சிருக்கு. இந்தக் கொம்பனிக்காரனுக்குத் தெரியேல்லை.”

“சரி, எங்க சார்…” என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “முதல் பயணம் எந்தப் பக்கம்?”

“மெல்பேர்ண்.”

“மெல்பேர்னுக்கா? அதுக்கு எதுக்கு சார் ஜி.பி.எஸ்? ஹியூம் ஹைவேல ஏறினா நேரா அங்கதான் இறங்கணும். வழி தவறணும்னு நெனச்சாக்கூட முடியாது.”

விற்பனையாளன் ஒருவன் தன் சரக்கையே வேண்டாம் என்று சொன்ன அபூர்வ நொடி அது. அரியரத்தினத்துக்குத் தெரியாததா? எத்தனையோ தடவை கொரோலாவில் போய்வந்த பாதை. ஒரே றோட்டு. எந்தப் பக்கம் என்று இதுவரை ஒருவரும் கேட்காததால் அவர் அதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் கருவியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நின்றார். தொழிற்சாலையில் பெட்டி மூலை பார்க்கும் பழக்கம்.

பிரதீப்குமார் குரலை இறக்கினார். “எடுத்துட்டுப் போங்க சார். புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம்.”

“ஓம். தாரும்.”

அன்று பின்னேரமே மோட்டார்ஹோமின் கண்ணாடியில் கருவி ஒட்டப்பட்டது. அரியரத்தினம் பழைய அளவுநாடாவை எடுத்து வாகனத்தின் உயரத்தை மறுபடி அளந்து, தட்டி உள்ளிட்டார். நீளம், எடை, சிலிண்டர் எல்லாவற்றையும் விசாரித்துத் திருப்திப்பட்ட பிறகு, கருவி கேட்டது. எங்கே?

அவர் இறங்கி உள்ளே போனார். குசினியில் கதிரையில் இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கருவி மறுபடி கேட்டது. மறுபடியும் உள்ளே போனார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் எழும்பவில்லை. அந்த வீட்டு வாசலில் அவரிடம் யாராவது ஏதாவது கேட்டு வெகுகாலமாகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. யோகா இருந்த காலத்திலும் அவர் வெளிக்கிடும்போது எங்கே என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கேட்காமையில் ஒரு ஆள் இருந்தது. இப்போது கேட்காமல் இருப்பது வீடு மட்டும்.

தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் குக்கர் விசிலும், ஒரு குழந்தையின் அழுகையும், அதற்குமேல் யோகாவின் குரலும் வந்தன.

“யோகா, நான் வெளிக்கிடப் போறன்.”

குழந்தையின் சத்தம் சற்று விலகிப் போயிற்று. யோகா வேறு அறைக்கு வந்திருக்க வேண்டும்.

“தூரமோ?” என்று கேட்டார்.

அரியரத்தினம் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தார். “ஓம். உம்மடை பக்கந்தான்.”

“பஸ்ஸிலையோ?”

“மோட்டார்ஹோமிலை.”

“அதை இஞ்சை எங்கை விடுறது? டிரைவ்வேயிலை ரெண்டு கார் நிக்குது. றோட்டிலை விட்டால் கவுன்சில்காரன் தண்டம் அடிப்பான்.” யோகா சற்று யோசித்தார். “பொறுங்கோ. கிட்டத்திலை ஒரு கரவன் பார்க் கிடக்கு. அங்கை வந்து நில்லுங்கோ. சின்னவனுக்குக் கிண்டர் இருக்கிற நாளிலை, பிள்ளையளை விட்டுட்டு நான் வாறன்.” பிறகு திடுக்கிட்டவர்போல, “ஐயோ, எங்கை எண்டு கேட்டிட்டன் என்ன. இருந்து தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ.”

அன்றைக்கு அவர் குடித்த தண்ணீரில் ஒரு ஒட்டகம் மேற்கு அவுஸ்திரேலியா வரை போயிருக்கும்.

ஹியூம் ஹைவேயில் ஏறியதும், நேரே போ என்று கருவி ஒரே ஒரு வசனம் சொன்னது. அதன் பிறகு வாய் திறக்கவில்லை. அத்தனை மாதம் குரல் பார்த்து, திரை பார்த்துத் தெரிவு செய்த பொருள், மாநில எல்லையிலுள்ள ஒல்பரி வரையில் பக்கத்தில் இருந்து ஒரு சொல் பேசவில்லை. அதைத் தாண்டியதும் அரியரத்தினம் வேண்டுமென்றே ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பினார். கருவி பதறிக்கொண்டு, திரும்பு திரும்பு என்றது. அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. அடுத்த பெற்றோல் நிலையத்திலும் திருப்பினார்.

இப்படியான வாகனங்களை நிறுத்தித் தங்கும் கரவன் பார்க்கில் வேறு தொல்லை. அங்கே தங்கியிருந்த ஓய்வூதியக்காரர்கள் எல்லாரும் புரூம், டார்வின் என்று சுற்றி வந்தவர்கள். காலை வணக்கத்துக்குப் பதிலாகவே, அடுத்து எங்கே என்றுதான் கேட்டார்கள். அரியரத்தினம் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நடமாடினார். நிறையத் தண்ணீர் குடிக்கிற ஆரோக்கியமான மனிதர் என்று அங்கே நல்ல பெயர்.

கிண்டர் என்கிற பாலர் பள்ளி உள்ள நாளில் யோகா சின்னக் காரில் வருவார். புட்டும் சம்பலும் கொண்டுவருவார். முதல் நாள் வந்தவர் உள்ளே கட்டிலை அமத்திப் பார்த்தார், குசினி லாச்சிகளை இழுத்துப் பார்த்தார். பிறகு முன்னால் போய்ப் பக்கத்து ஆசனத்தில் இருந்து, பழக்கதோஷத்தில் சீற் பெல்ற்றையும் போட்டுக்கொண்டார். வாகனம் நின்றபடி நின்றது. எதிரே யாரோ காயப்போட்ட உடுப்புகள் கொடியில் ஆடின.

“என்னப்பா, இது எங்கை எங்கை எண்டு கேட்டுக்கொண்டு கிடக்கு?”

“அதுக்கு முறை தெரியாது. கேட்டது கேட்டிட்டுது, நீர் சொல்லும்.”

யோகா கொடியில் ஆடிய உடுப்புகளைப் பார்த்தார். “பேர்த் போகவேணும் எண்டு சொன்னனீங்கள் என்ன?”

அரியரத்தினம் பேர்த் என்று தட்டினார். கருவி சற்று மூச்செடுத்து, ஆயிரக்கணக்கில் கிலோமீற்றரைக் காட்டியது.

“பாத்தீங்களே” என்றார் யோகா. “தூரம் எண்டு மரியாதையாச் சொல்லவும் அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“போவமோ?”

“சின்னவன் பள்ளிக்கூடம் தொடங்கட்டும்.”

பெரியவளுக்கும் இதையேதான் சொன்னது. இரண்டு பேருக்கும் அது நினைவிருந்தது. புட்டைச் சாப்பிட்டார்கள். யோகா அவருடைய பிரஷர் குளிசையைப் பற்றி விசாரித்தார். பிறகு மணியைப் பார்த்துப் பெல்ற்றைக் கழற்றினார்.

“கிண்டர் விடுற நேரம். போட்டு வாறன்.”

“ஓம்” என்றார் அரியரத்தினம். எங்கே என்று கேட்கவில்லை.

சின்னக் கார் வாயிலைக் கடந்து திரும்பியதும் தொலைபேசி அடித்தது. குகானந்தம்.

“அண்ணை, வாசலிலை பஸ்ஸைக் காணேல்லை. எங்கை… சீ, தூரமோ?”

“ஓம் தம்பி. ஜீ.பி.எஸ். அமைஞ்சிட்டுது. மெல்பேர்ணுக்கு வந்து நிக்கிறன். இப்பதான் யோகாவும் நானும் மோட்டார்ஹோமுக்குள்ளை இருந்து புட்டுச் சாப்பிட்டனாங்கள்.”

“அடுத்தது?”

“பேர்த் போட்டுக் கிடக்கு.”

“கோயிலிலை சொல்லவோ?”

“சொல்லும்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தரம் பார்த்தே வாழ்ந்த மனிதர், பிழையான பெட்டிக்கு முத்திரை குத்த மாட்டார். தொலைபேசியை வைத்துவிட்டுப் பக்கத்து ஆசனத்தைப் பார்த்தார். பெல்ற் பாதி இழுபட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டார்.

வாகனம் அசையாததைக் கண்ட கருவி, குறித்த பாதையில் புறப்படும்படி இன்னொரு தடவை சொன்னது. அரியரத்தினம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார்.