அமுதா அக்காவின் ஒற்றை வினை

ஒரு பட்டுச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்து மெதுவாகச் சொன்னார். "அமுதாம்மா காலையில பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தாங்களாம். அப்படியே வுழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி." எனக்கு உடனே உட்கார வேண்டும்போல் இருந்தது. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. உட்கார இருக்கை தர வேண்டுமென்று சட்டம் வந்துவிட்டதால் ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதன்மேல் ஜாக்கெட் துணி அடுக்கியிருக்கிறது. மீதிச் சேலைகளையும் நின்றபடியே விரித்துக் காட்டினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமுதா அக்கா கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, சேலைப் பிரிவில் எனக்குப் பக்கத்தில் நின்றவர். தபால் வழியில் பி.ஏ. படித்தார், ஆங்கிலத் தாள் ஒன்று மட்டும் அரியராகக் கிடந்தது. அதில் தேறிவிட்டால் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "சக்கரம் வெச்சி சுத்துற ஆபீஸ் நாற்காலிடி. போயி பார்த்துட்டே வந்துட்டேன்" என்று பூரித்துப்போனார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடோனில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து படிப்போம். பிளஸ் டூவில் நான் உருப்படியாகப் படித்தது ஆங்கிலம் ஒன்றுதான், அதனால் அக்காவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் பாடம் பிரெடிகேட், அதாவது பயனிலை. ஓர் எழுவாய்க்கு ஒரு வினை என்றால் சிம்பிள். அதே எழுவாய் இரண்டு மூன்று வினைகளைச் சுமந்தால் காம்பவுண்ட். காம்பவுண்டுக்கு அக்கா எழுதியது: 'அமுதா வேக்கிங், குக்கிங், ரன்னிங், ஸ்டாண்ட்ஸ்.' எழுந்து, சமைத்து, ஓடி, நிற்கிறாள் என்று தமிழை அப்படியே இறக்கிவிட்டார்.

"இல்லக்கா. வேக்ஸ், குக்ஸ், ரன்ஸ் அண்ட் ஸ்டாண்ட்ஸ். ஒவ்வொரு வினையையும் முடிக்கணும்" என்றேன்.

"இன்னாடி சொல்ற, ஒவ்வொண்ணும் முடியுதா? நம்ம தமிழ்ல எழுந்து, சமைச்சி, ஓடியாந்துன்னு இழுத்துகினே போவுது. இங்கிலீஷ்காரிக்கு ஒரு வேலையாச்சும் முடியுது பாரு."

சிம்பிளுக்கு 'அமுதா சிட்ஸ்' என்று எழுதினார். அமுதா உட்கார்கிறாள். "சீட்டுக் கம்பெனி பேரு மாதிரி இருக்குக்கா. அதுவும் பச்சைப் பொய்யி" என்று கிண்டலடித்தேன்.

"கிராமர் தப்பில்லல்ல? அது போதும்" என்றார்.

தேறினார். கடை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ஆனால் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட ஒரிஜினல் சான்றிதழ்களைக் கடையில் திருப்பித் தரவில்லை. "தீவாளி முடியட்டும்மா" என்றார் மேனேஜர். பிறகு பொங்கல் முடியட்டும் என்றார். அதன்பிறகு ஆடித் தள்ளுபடி. அதற்குள் ஸ்கேன் சென்டரின் அந்தச் சுழல் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். "கடைக் கதவு தொறந்துதான் இருக்குது. போவத்தான் முடியல" என்று சொல்லிவிட்டு அக்கா வழக்கம்போல் வந்து நின்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னுடைய சான்றிதழும் அதே பீரோவில்தான் இருக்கிறது.

அரைநாள் அனுமதி கேட்டுக் கடைப் பெண்கள் சிலர் அக்காவின் ஊருக்குப் போனோம். அக்கா குடும்பத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைப்பது வழக்கம். பந்தலின் நடுவே, கைவைத்த மர நாற்காலியில், புதுச் சேலையும் மாலையுமாக அக்கா உட்கார்ந்திருந்தார். சரியாமல் இருக்கத் துணியால் கட்டியிருந்தார்கள். அவர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சற்று நேரத்தில் மேனேஜர் மாலையோடு உள்ளே வந்தார். பழக்கதோஷம், நாங்கள் எல்லாரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டோம். அக்கா மட்டும் எழவில்லை.

எழுந்திருக்காதீங்கக்கா. இனிமே யாரு வந்தாலும் எழுந்திருக்காதீங்க.