வெள்ளிக்கிழமைக் கஞ்சி

சங்கராபுரம் பக்கம் நிலம் வைத்திருந்த கிறிஸ்தவர் அவர். கழுத்தில் ஜெபமாலை, வெடித்த உதடு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார்.

அப்படியொரு வெள்ளியன்று அவர் வயலில் களையெடுப்பு. மதியக் கஞ்சி அவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். உச்சி தாண்டியும் வரவில்லை.

"ஆளுங்களுக்குக் கஞ்சி வரலையே?" என்று பக்கத்து வயலிலிருந்த நான் அவரிடம் கேட்டேன்.

"இன்னிக்கு ஒருசந்தி விரதங்க. வூட்ல அடுப்பே பத்த வெக்கல," என்றார். "அவங்க வேற சாமி கும்புடுறவங்கதான். ஆனா இந்தப் பலன் அவங்களுக்கும் சேரணும்னு காலைலேர்ந்து வேண்டிக்கினுதான் இருக்கேன்."

பொய் சொல்லும் முகமில்லை அது. அவரும் வெறும் வயிற்றோடுதான் நின்றார். என் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வரப்பில் நின்றேன்.

களையெடுத்த பெண்ணொருத்தி நிமிர்ந்து, கஞ்சிப்பானை வரும் பாதையைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். அவளுக்காகவும் அவர் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.