நேரம் எழுதின தாள்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வயதும் ஆகிவிட்டதால் முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், சிலது மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. நான்காக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கோடு போட்டு மூன்று பத்தி: நேரம், எந்த மேசை, திரையில் என்ன வந்தது. நீலத்திலும் கறுப்பிலும் நாலைந்து பேருடைய கையெழுத்து. கடைசி வரி மட்டும் பென்சிலில் இருக்கும். அது என்னுடையது. அந்தத் தாளை ஒட்டியவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தேன். சிங்காநல்லூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் போவேன். அங்கே ஆறு கம்ப்யூட்டர். ஆறுக்கும் பொதுவாக, உள்ளறையில் இருக்கிற ஒரு மெஷினுக்குள் ஒரு பதிவேடு. முன்னால் உட்கார்ந்திருக்கிற ரிசப்ஷன் அம்மணி வந்தவர் பேரைத் தட்டினால் ஒரு எண் வரும். அந்த எண்ணை ரத்தக் குப்பியில் ஒட்டுவார்கள். அதே எண்ணை வைத்து உள்ளே பரிசோதனை செய்து முடிவை எழுதுவார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு ஒரு தொல்லை ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாத் திரையும் அப்படியே நின்றுவிடும், தொடர்பு இல்லை என்று சிவப்பாக ஒரு கட்டம் வரும். இரண்டு நிமிஷத்தில் தானாகவே சரியாகிவிடும். ஒரு நாள் ஐந்து தடவை வரும், ஒரு நாள் வரவே வராது.

முதலில் எல்லோரும் சலித்துக்கொண்டார்களே தவிர பயப்படவில்லை. ஒரு புதன்கிழமைதான் பயம் வந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்கு எண் கொடுத்துக் குப்பியில் ஒட்டிய நேரத்தில் தொடர்பு அறுந்திருக்கிறது. பேர் பதிவேட்டில் ஏறவில்லை. தொடர்பு திரும்பி வந்தபோது மெஷின் அதே எண்ணை அடுத்து வந்த பெரியவருக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு குப்பி, ஒரே எண். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்த டாக்டர், "இந்தப் புள்ளைக்கு இவ்வளவு சர்க்கரை இருந்தா நடந்து வந்திருக்குமாங்க?" என்று எழுந்தார். அவர் பார்த்ததால் தப்பியது. ரிசப்ஷன் அம்மணியைக் கூப்பிட்டு, "நீங்கதான் அவசரத்துல எதையோ அமுக்கிப்போடறீங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நீங்க வர வேண்டாமுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த அம்மணிக்குக் கணவர் இல்லை. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தினமும் தன் டப்பாவிலிருந்து பாதிப் பொரியலை என் தட்டில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார்.

கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவரை எல்லோரும் நெட்வொர்க் சார் என்போம். போத்தனூர்க்காரர். ரயில்வேயில் டெலிபோன் வயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் டார்ச் லைட் வைத்திருப்பார். முதல் நாள் முன் மேசை வயரை மாற்றினார். மறுநாள் பிளக்கை மாற்றினார். அவர் இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. அவர் ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியதும் போய்விடும். அலுவலக மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நீங்க இருந்தா நல்ல புள்ளையாட்ட இருக்குதுங்க. பேசாம உங்க போட்டோவ இங்க மாட்டிப்போடலாமுங்க" என்றார். "மாலை போடாம மாட்டுனாச் சரிங்க" என்றார் அவர். அதற்கு மறுநாள்தான் சுவரில் இந்தத் தாளை ஒட்டினார். "யாரு என்ன பண்ணுனாங்கன்னு எனக்கு வேண்டாமுங்க. எப்பன்னு மட்டும் எழுதுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. எனக்கு மேசை கிடையாதே. ஆனால் அந்தச் சுவரைத் துடைப்பவள் நான். எண்கள் எனக்கு நன்றாகப் படிக்க வரும். ஏழு நாற்பது, பதினொன்று பத்து, மூன்றரை. மறுநாளும் கிட்டத்தட்ட அதே நேரம். துணியைப் பிழிந்தபடி படித்தவளுக்குக் கை நின்றுவிட்டது. ஏழு நாற்பதுக்குத்தான் நான் ஸ்டோர் ரூமிலிருந்து வாளியும் மாப்பும் எடுப்பேன். பதினொன்றுக்கு மேல் டீ டம்ளரைக் கழுவி அங்கேதான் வைக்கப் போவேன். மூன்றரைக்கு மறுபடி மாப். மழைக்காலத்தில் ஊறிப்போய் அந்தக் கதவு ஓங்கிச் சாத்தினால்தான் சாத்தும். அந்தக் கதவை ஒட்டிய சுவரில்தான் பச்சை விளக்கு மினுக்கும் சின்னப் பெட்டி இருந்தது. எல்லா வயரும் அதில்தான் வந்து சேரும். நெட்வொர்க் சார் வந்தால் அந்தக் கதவைத் திறந்தே போட்டிருப்பார், அவர் போன பிறகு நான்தான் சாத்துவேன்.

ஆயுத பூஜை அன்று நடந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மைக்ரோஸ்கோப் முதல் தராசு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் நெற்றிப் பொட்டு மாதிரி வைத்தார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. பொரி வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். முடிந்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கழுவ என்னிடம் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அதற்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. தினமும் நான் தூசி தட்டுகிற பெட்டி. மூலையில் கிடந்து ராப்பகலாக உழைக்கிறதே, இதை விட்டுவிட்டார்களே என்று ஒரு விரல் தொட்டு வைத்தேன். தண்ணீராக இருந்ததால் வழிந்தது. வயர் செருகிய ஓட்டைக்குள் ஒரு சொட்டு போனதைப் பார்த்தேன். மறுநாள் வெளியே இருந்ததைத் துடைத்துவிட்டேன். உள்ளே போனதை மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எப்படி வேலை செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் அந்தக் கதவைச் சாத்தாமல் விட்டுப் பார்த்தேன். பதினொன்று பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் காரணம் அந்தக் கதவுதான், நான்தான். மத்தியானம் மேனேஜர் வந்து, "ஆயம்மா, பினாயில் நாத்தம் லேப்பையே தூக்குது, கதவத் தொறந்து போட்டுட்டுப் போறீங்களே" என்று தானே ஓங்கிச் சாத்தினார். உள்ளேயிருந்து ரிசப்ஷன் அம்மணியின் குரல் கேட்டது: "போச்சுங்க." மேனேஜர் விறுவிறுவென்று போய் தன் கையாலேயே தாளில் நேரத்தை எழுதினார். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். சொல்லிவிடலாம் என்றால் பயம். வேலை போய்விடும் என்பது ஒரு பயம். சாமி கும்பிட்ட நாளில் வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும் என்பது அதைவிடப் பெரிய பயம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இரண்டு குப்பி. அடுத்த முறை டாக்டர் கண்ணில் படாமல் போனால் யாருடைய பிள்ளைக்கு யாருடைய மருந்து போகும்?

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது ரிசப்ஷன் அம்மணி, "திங்கக்கெழமை புதுசா ஒரு புள்ள வருதாமுங்க அக்கா. என்னையவே வேல சொல்லிக் குடுக்கச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே பீன்ஸ் பொரியலில் பாதியை என் தட்டில் போட்டார். அதைத் தொடாமல் தட்டை ஓரமாக வைத்தேன். மற்றவர்கள் உள்ளே போனதும், ரசீது எழுதுகிற மேசையிலிருந்து பென்சிலை எடுத்துத் தாளின் கடைசியில் எழுதினேன்: கதவு சாத்தினால் போகிறது. பெட்டியில் சந்தனம் வைத்தது நான்.

நெட்வொர்க் சார் மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். தாளைப் படித்தார், பிரித்தெடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். குழாயடியில் நின்ற என்னிடம் வந்து, "அம்மணி, அந்தக் கதவ ஒருக்காச் சாத்துங்க" என்றார். சாத்தினேன். "இன்னுங் கொஞ்சம் ஓங்கி." சாத்தினேன். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு அணைந்தது. வயரைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். வயர் முனையை வெட்டிவிட்டுப் புதுசு போட்டு, பக்கத்து ஓட்டையில் செருகினார். பழைய ஓட்டைக்குப் பிளாஸ்டர் ஒட்டினார். அதற்குப் பிறகு பத்துத் தடவை கதவைச் சாத்தச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டுதான் சாத்தினேன். விளக்கு அணையவே இல்லை. டாக்டர் வந்ததும், "வயர் சொருகற எடம் அரிச்சுப் போச்சுங்க. முன்னால இருக்கற அம்மணி மேல ஒண்ணும் இல்லீங்க" என்றார். "எப்படிங்க அரிச்சுது?" என்று டாக்டர் கேட்டார். "ஈரம் போயிருக்குதுங்க." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகும்போது தாளை என்னிடம் கொடுத்து, "எப்பன்னு எழுதச் சொன்னா யாருன்னு எழுதிப்போட்டீங்க. நீங்களே வெச்சுக்கங்க" என்றார். சிரித்தாரா என்று நினைவில்லை. நான் தலை நிமிரவில்லை.

அவர் இப்போது இல்லை. நானும் வேலையை விட்டுவிட்டேன். போன வாரம் சர்க்கரை பார்க்க வீட்டுப் பக்கத்து லேப்புக்குப் போனேன். எண் கொடுக்கிற நேரத்தில் அங்கே இருந்த பெண், "நெட்டு போயிருச்சுங்க பாட்டி, ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குப்பியில் இருந்த எண்ணையும் சீட்டில் இருந்த எண்ணையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படித்தேன். "எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா பாட்டி?" என்று சிரித்தாள். நம்பிக்கை இல்லாதது உன் மேல் இல்லை கண்ணு என்று சொல்ல வந்தவள், எண்ணை இன்னொரு தடவை படித்தேன்.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது, மற்றவை அப்படியே இருக்கின்றன. ரிசப்ஷன் அம்மணி அதற்குப் பிறகும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். ஏதோ பெட்டி கெட்டுப்போனதாம் என்றுதான் நான் வேலையை விடும் வரை நம்பினார், பொரியல் போடுவதையும் நிறுத்தவில்லை. இதை அவர் படிக்க நேர்ந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். தாளில் உள்ள நேரமெல்லாம் சரிதான். என்னால் நீங்கள் அழுதது அந்த வெள்ளிக்கிழமை மட்டும்தானா, அதற்கு முன்னாலும் எனக்குத் தெரியாமல் அழுதீர்களா என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள், அம்மணி.