உலைக்கு மேல் பிடித்த தட்டு

இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் மூடியின் உள்பக்கம் கோத்திருந்த நீர் என் கையில் சொட்டியது. செல்வி அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் எப்போதும்வென்றானில் அப்பா மிளகாய் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்த ஐப்பசி அது. மேகங்கள் தினமும் கூடிப் பெய்யாமலே போயின. பத்தாவது படித்துக்கொண்டிருந்த அக்கா ஒருநாள் தட்டில் குளிர்ந்த பானைத் தண்ணீரை ஊற்றி, கொதிக்கும் உலைக்கு மேல் பிடித்தாள். தட்டின் அடியில் துளிகள் திரண்டு சொட்டின.

"மேகமும் இப்படித்தாம்ப்பா. ஆவி மேல போய்க் குளுந்து துளியாவுது. துளி கனத்தாத்தான் மழை."

"ஏட்டி, அந்தத் தட்ட நம்ம புஞ்சைக்கு மேல பிடியேன்!" அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

மழை பொய்த்தது. அக்காவின் படிப்பை நிறுத்தித் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்கு அனுப்பினார் அப்பா.

"மழ பேஞ்சதும் திரும்பச் சேத்துவிடுதேன், தாயி."

அடுத்த வருஷம் நல்ல மழை. மிளகாயும் நன்றாக விளைந்தது. அந்த விளைச்சலில் அக்காவுக்குக் கல்யாணம் முடித்தார்கள். அப்பாவின் வாக்கைப் பற்றி யாரும் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

இன்று கோவில்பட்டியில் பிள்ளைகளுக்கு மேகப் பாடம் நடத்துகிறவள் நான். அவள் என்னைவிட நன்றாக நடத்தியிருப்பாள்.