பாதி மீசையோடு பூத்துறை மேட்டில்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் காரணமில்லாமல் ஓடுகிறவன் நான் ஒருவன்தான். மாடு அறுத்துக்கொண்டு போனால் ஓடுவார்கள். காயப்போட்ட நெல்லின் மேல் தூறல் விழுந்தால் ஓடுவார்கள். விடிந்ததும் விடியாததுமாக வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஊசுட்டேரிக் கரையில் ஒருவன் சும்மா ஓடினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரன் சீமை; அவர்கள் கொண்டாடும் ஜூலை பதினாலு விழாவுக்கு வில்லியனூரில் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். நகரத் தலைவரான மேர் கையால் அந்தப் பரிசை ஒரு தடவையாவது வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

"காலு அரிக்குதுன்னா ஏரைப் பூட்டுடா" என்பார் அப்பா. அவரோடு இதற்காகப் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஏரிக்கரையில் வடக்குப் பார்த்துக் கிளம்பினால் வில்லியனூர்க் கோபுரம் முதுகுப் பக்கம் நிற்கும். கரை முடிந்து பனங்காடு, பனங்காட்டு ஓரத்தில் பிரெஞ்சுக்காரன் நட்ட எல்லைக்கல். அதைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை, ஒரு சுங்கச் சாவடி. அப்புறம்தான் பூத்துறை மேடு. மழைத் தண்ணீர் அறுத்துப் போட்ட செம்மண் பள்ளங்களும் மேடுகளுமாக, ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். உச்சியில் நின்றால் திருவக்கரைக் கோயில் தெரியும், சோழ ராஜா காலத்துக் கோயில் என்பார்கள். அதற்கு இந்தப் பக்கத்துச் சரிவில் மரங்கள் கல்லாகிப் படுத்துக் கிடக்கும். தினமும் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அக்காவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது உண்டாகியிருந்தபோது அம்மா செத்தாள். சேதி சொல்லப் போன ஆள் வாசலில் நின்று சொன்ன மாத்திரத்தில் அக்கா அப்படியே படியில் சாய்ந்தாள். அந்தப் பிள்ளையும் அன்றைக்கே போயிற்று. இப்போது மூன்றாவது, மாதம் நிறைந்திருந்தது. பிறந்த வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை யாரும் இல்லாததால் புருஷன் வீட்டிலேயே இருந்தாள்.

அந்த மார்கழியில் ஒருநாள் விடியற்காலை அப்பா மதகடியில் விழுந்து கிடந்தார். நாலு நாளாகக் காய்ச்சல், சொன்னால் கேட்டால்தானே. தூக்கி வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. வைத்தியர் நாடி பார்த்தார், மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் எப்படி அழுதேன் என்று எனக்கே நினைவில்லை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஊரிலேயே சைக்கிள் வைத்திருந்தவர், உறவுக்காரர்களுக்குச் சொல்லக் கிளம்பிவிட்டார். வழுதாவூரில் சொல்லிவிட்டு அப்படியே அக்கா ஊருக்குப் போவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு அப்போது புத்தி வேலை செய்திருக்காது.

பறை அடிக்கத் தொடங்கினார்கள். நாவிதர் என்னை உட்கார வைத்து, முதலில் மீசையில் கத்தி வைத்தார். பக்கத்தில் அப்பாவைப் பெஞ்சில் கிடத்தி முதல் குடம் தண்ணீரை ஊற்றினார்கள். வலது பக்க மீசை இறங்கியிருந்தது. அப்போது அப்பா இருமினார்.

"யார்ரா இப்புடி சில்லுன்னு ஊத்தறது?"

குடம் வைத்திருந்தவர் குடத்தைப் போட்டுவிட்டார். அப்பா முழங்கையை ஊன்றி எழுந்து, பறைச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "யார் வூட்ல சாவு?" என்றார். வைத்தியர், நாடி உள்ளே ஒளிந்திருந்ததாக யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆளை அறைந்திருப்பேன், நேரமில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவர் முகம் செத்த முகத்தைவிட மோசமாகிவிட்டது.

"எம்பொண்ணுக்கு ஆள் போயிடுச்சா?"

"போயிடுச்சி."

"ஓடுடா" என்றார்.

சைக்கிள் சாலையோடு சுற்றிப் போக வேண்டும், ஆற்று மணலில் தள்ள வேண்டும். மேட்டு வழி நேர் வழி. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரை போனதே தெரியவில்லை. எல்லைக்கல்லைத் தாண்டினால், சாவடியில் என்னைத் தெரியாத புதுச் சுங்கக் காவலர்கள்; ஒருவர் தடியைக் குறுக்கே நீட்டினார். ஓடி வருகிறவன் எதையாவது கடத்துகிறவன்தான் என்பது அவர்கள் கணக்கு.

"நில்லு. இடுப்புல இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவன் ஏன் ஓடற?"

"எங்கப்பா சாவல."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "சாவலன்னா ஏம்பா ஓடற?"

வேட்டியை அவிழ்த்து உதறிக் காட்டினேன். தலைத்துண்டையும் உதறினேன். கோவணத்தோடு நின்றபடி மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். காவலர் என் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தடியை எடுத்துக்கொண்டார்.

"பாதி மீசையோட எவனும் சரக்கு கடத்த மாட்டான். போ, போ."

பூத்துறை மேட்டில் அன்றைக்கு ஏறியதுபோல் நான் அதற்கு முன்னும் ஏறியதில்லை, பின்னும் ஏறியதில்லை. உச்சியில் நின்று பார்த்தேன். சாலையில் சைக்கிள் எதுவும் கண்ணில் படவில்லை. கல்மரங்களைத் தாண்டி இறங்கும்போது அக்கா வீட்டு வாசல் தெரிந்தது. அவள் வாசலில் நின்று நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. பிறந்த வீட்டிலிருந்து ஒருவன் தலைதெறிக்க ஓடி வந்தால் அவள் என்ன நினைப்பாள்? நான் வாயைத் திறக்கும் முன்பே விழுந்துவிடுவாளே. நின்றேன். துண்டால் வாயையும் மோவாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன்போல நடந்தேன். ஓடியதைவிட அந்த நடைதான் என்னைக் கொன்றது.

"இன்னாடா இது, இந்நேரத்துல?"

"ஓடிப் பழகறேன்ல. அப்புடியே வந்தேன். பல்லு வலி."

"பல்லு வலியோட ஓடுவியா நீ? காட்டு, கிராம்பு வெக்கிறேன்."

வேண்டாம் என்பதற்குள் துண்டை இழுத்துவிட்டாள். மீசையைப் பார்த்தாள். கை வயிற்றுக்குப் போயிற்று. அவள் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "அப்பா நல்லாருக்காரு. சத்தியமா நல்லாருக்காரு. செத்துட்டாருன்னு நெனச்சிட்டோம். தண்ணி ஊத்தினதும் எழுந்து திட்டறாரு. என்ன ஓடுடான்னு அனுப்பினதே அவருதான்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்டினாரா?"

"சில்லுன்னு ஊத்தினதுக்குத் திட்டினாரு."

அவள் உதடு துடித்தது. பிறகு சிரித்தாள். என் பாதி மீசையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் அந்த நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் வந்தார். அப்பன் செத்த பிள்ளைகள் இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். எழுந்து போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சைக்கிளின் மேலேயே சாய்ந்து அழுதார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"சைக்கிளையே தோக்கடிச்சிட்டேன் பாரு" என்றேன்.

"நான் வந்து எந்நேரமாச்சி" என்றார். "கோயில் பக்கத்துப் புளியமரத்தடியில உக்காந்துட்டேன். ரெண்டு தரம் வூட்டாண்ட வந்து திரும்பிப் போனேன். வாசல்ல அவ வயித்தோட நிக்கறா. எப்புடிடா சொல்றது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா உள்ளே போய்க் கூழ் கரைத்துக் கொண்டுவந்தாள்.

அந்த வாரமே அவளுக்குப் பெண் பிறந்தது. அப்பா வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தார். அவள் வளர்ந்த பிறகு வீட்டில் எல்லோரும் அவளிடம் நான் மேடு தாண்டி ஓடிய கதையைத்தான் சொல்வார்கள். அண்ணன் சொல்ல மனசு வராமல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்ததை நான்தான் சொன்னேன்.